யாருக்குக் கீழ்ப்படிவது

கொங்கு நாட்டில் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர் கேட்பவர்களுக்குப் புதிதாக எதையும் சொல்லிவிடுவதில்லை. அது இந்த மண்ணில் ஏற்கனவே இருக்கிறது. பண்ணையத்துக்கு ஆள் வைப்பது, வருசக் கூலி பேசிப் பையன்களை ஆடு மேய்க்க விடுவது, பண்ணாடியின் குரல் கேட்டதும் தோள்துண்டு இடுப்புக்கு இறங்குவது எல்லாம் அதன் உருவங்கள்தான். அப்படி ஒரு பையனின் உலகத்தைப் பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’ நாவலில் எழுதியிருக்கிறார். கிணறும் மேட்டாங்காடும் பனைமரமும் உள்ள அந்த உலகத்தில் சொன்னதைச் செய்வதுதான் பிழைப்பு. சொல்கிறவர் யார், செய்கிறவர் யார் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

இரட்சிப்பில் கீழ்ப்படிதலுக்கு என்ன இடம் என்பது மிகப் பழைய இறையியல் கேள்வி. கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ அதைக் கேட்கும்போது இன்னொரு கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது: யாருக்குக் கீழ்ப்படிவது? இந்த இரண்டாவது கேள்வியைத் தொடாமல் முதல் கேள்விக்குச் சொல்லப்படும் பதில் எவ்வளவு சாஸ்திர சுத்தமாக இருந்தாலும் என் மனம் அதில் ஒட்டுவதில்லை.

முதல் கேள்வியின் வரலாறு நீளமானது, ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனிதன் கிருபையால், விசுவாசத்தின் வழியே நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் ரோமருக்கு எழுதினார். அதே நிருபத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் விசுவாசத்துக்கு உரிய கீழ்ப்படிதலை எல்லா ஜனங்களிடமும் உண்டாக்குவதே தன் ஊழியம் என்கிறார். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்பது யாக்கோபின் பக்கம். லூத்தர் 1522இல் யாக்கோபின் நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். திரெந்து சங்கம் 1547இல் மறுபக்கத்தைத் தீர்மானமாக எழுதி வைத்தது. இந்தச் சண்டை தமிழிலும் நடந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் மிஷனை எதிர்த்து வீரமாமுனிவர் ‘வேத விளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ போன்ற கண்டன நூல்களை எழுதினார். கடைசியில் 1999 அக்டோபர் 31ஆம் தேதி அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. இரட்சிப்பு முழுக்க முழுக்கக் கிருபை, நற்செயல்கள் அந்தக் கிருபை தரும் கனி என்பது அதன் சாரம். பிறகு மெதடிஸ்ட், சீர்திருத்த சபைகளும் அதில் சேர்ந்துகொண்டன.

தமிழ் மண்ணுக்கு இந்த விவாதம் அந்நியமானதல்ல. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல் இறைவன் நம்மைத் தூக்கிப் போகிறானா, அல்லது குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் நாமும் பற்றிக்கொள்ள வேண்டுமா என்று தென்கலையாரும் வடகலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்திருக்கிறார்கள். இந்த மரபின் வழியாகத் தன் கிறிஸ்தவ விசுவாசத்தை யோசித்துப் பார்த்த ஒருவர் பின்னாளில் கோவையில் பேராயராக இருந்தார் என்பதை நம் சபைகளே பெரும்பாலும் மறந்துவிட்டன.

ஏ. ஜே. அப்பாசாமி 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். ஹார்வர்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். யோவான் சுவிசேஷத்தை இந்தியப் பக்தி மரபோடு சேர்த்து வாசிப்பதே அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்க்கும் நூலை 1927இலும் மோட்சம் என்றால் என்ன என்று கேட்கும் நூலை 1931இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர்த் திருமண்டலம் 1950இல் உருவானபோது அதன் முதல் பேராயர் ஆனார்.

நானும் பிதாவும் ஒன்றாக இருக்கிறோம் என்று இயேசு சொன்னதை அத்வைதம் வாசிப்பதுபோல் அவர் வாசிக்கவில்லை. இராமானுஜரின் பக்கம் நின்று வாசித்தார். அந்த ஒருமையில் ஒருவர் இன்னொருவரில் கரைந்து காணாமல் போவதில்லை. அன்பினால் இரண்டு சித்தங்கள் ஒத்துப்போகின்றன. குமாரன் பிதாவின் சித்தத்தைச் செய்கிறார், அதில்தான் அவருடைய ஒருமை இருக்கிறது. மனிதனின் மோட்சமும் அதே வகையானது: கடவுளின் சித்தத்தோடு தன் சித்தம் அன்பினால் இணைந்து, அதில் நிலைத்திருப்பது.

இப்படிப் பார்த்தால் கீழ்ப்படிதல் இரட்சிப்புக்கு முன்னால் கட்ட வேண்டிய கட்டணமும் ஆகாது, இரட்சிப்புக்குப் பிறகு வருகிற நன்றிக்கடனும் ஆகாது. இரட்சிப்பு நடந்துகொண்டிருப்பதே அதன் வழியாகத்தான். பக்தன் தன் ஆண்டவனுக்கு ஏவல் செய்வதைச் சம்பளத்துக்குச் செய்யும் வேலையாக யாரும் நினைப்பதில்லை. ஏவல் செய்யக் கிடைத்ததே அவனுக்குப் பேறு. ஆழ்வார்களிடமும் நாயன்மார்களிடமும் பழகிய தமிழ் மனதுக்கு இது சட்டென்று புரியும். மேற்கில் கிருபைக்கும் கிரியைக்கும் நடந்த வழக்கு நீதிமன்றத்தின் மொழியில் நடந்தது. அப்பாசாமி அதை அன்பின் மொழிக்குக் கொண்டுவந்தார் என்பது என் மதிப்பீடு.

ஆனாலும் அந்த இடத்திலேயே என்னால் நின்றுவிட முடியவில்லை. பக்தியின் அடிமைத்தனம் இனிமையானதுதான், வேறு எந்த அடிமைத்தனமும் தெரியாதவனுக்கு. வருசக் கூலிக்கு விடப்பட்ட பையனிடம் போய் ஆண்டவருக்கு அடிமையாக இரு என்று சொன்னால் அவன் காதில் என்ன விழும்?

மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் இரண்டு மகன்களின் கதை வருகிறது. நம் ஊர்த் தோட்டத்தில் வைத்து அதைச் சொல்லிப் பார்க்கலாம். அப்பன் ஒரு மகனைத் தோட்டத்து வேலைக்குப் போகச் சொல்கிறான். “என்னால ஆகாதுங்க” என்கிறான் மகன். பிறகு மனசு கேட்காமல் போய்விடுகிறான். இன்னொரு மகன் “சரிங்கப்பா, போறனுங்க” என்கிறான். போகவில்லை. இவர்களில் அப்பன் சொன்னதைச் செய்தவன் யார் என்று இயேசு கேட்கிறார். கேட்கப்பட்டவர்கள் பிரதான ஆசாரியர்களும் மூப்பர்களும். ஆயக்காரரும் வேசிகளும் உங்களுக்கு முன்னே ராஜ்யத்துக்குள் போகிறார்கள் என்பது அவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு.

இந்தக் கதையில் எத்தனையோ தரம் வாசித்தும் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. இருவருமே மகன்கள். வேலைக்குப் போனதால் ஒருவன் மகனாகவில்லை, போகாததால் மற்றவன் மகன் என்ற பேர் போய்விடவும் இல்லை. அழைப்பு வருவதற்கு முன்பே உறவு இருக்கிறது. கிருபை என்பது அதுதான். நம் தோட்டங்களில் காலங்காலமாகத் தண்ணீர் இறைத்தவர்களும் ஏர் ஓட்டியவர்களும் மகன்கள் அல்ல, பண்ணையாட்கள். அவர்களில் ஒருவனை “மகனே” என்று கூப்பிட்டு அதே தோட்டத்துக்குப் போகச் சொன்னால் வேலை பழைய வேலைதான், ஆனால் அது கட்டளையின் இடத்திலிருந்து உரிமையின் இடத்துக்கு வந்துவிடுகிறது. இனி நீ அடிமையல்ல, புத்திரன், சுதந்திரவாளி என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபம் சொல்வதைக் கொங்கு நாட்டில் யார் முதலில் கேட்க வேண்டியிருந்தது என்று யோசித்தால் போதும்.

இன்னும் ஆழமான செய்தி பிலிப்பியர் நிருபத்தில் இருக்கிறது. கிறிஸ்து அடிமையின் ரூபமெடுத்து மரணபரியந்தம் கீழ்ப்படிந்தார். ரோமர் 5ஆம் அதிகாரமோ ஒருவருடைய கீழ்ப்படிதலால் அநேகர் நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்கிறது. ஆக, கீழ்ப்படிதலால் இரட்சிப்பு உண்டா என்றால் உண்டு. ஆனால் அது முதலில் அவருடைய கீழ்ப்படிதல். நம்முடையது அதில் பங்கு கொள்வதுதான். அவர் யாருக்குக் கீழ்ப்படிந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏரோது அற்புதம் செய்து காட்டச் சொன்னான், செய்யவில்லை. பிலாத்து குற்றச்சாட்டுகளுக்குப் பதில் கேட்டான், வாய் திறக்கவில்லை. பிதாவுக்கு முற்றிலும் கீழ்ப்படிந்தவர் அரசுக்கு அடங்காதவர் என்ற குற்றத்துக்காகவே சிலுவையில் அறையப்பட்டார். வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் வசனத்தை மட்டும் தனியாக எடுத்துப் பிரசங்கித்தவர்கள், எஜமானுக்கும் மேலே ஓர் எஜமான் உண்டு என்ற அடுத்த வசனங்களைக் கடந்து போனார்கள். அதைவிடப் பெரிய தவறு, கல்வாரியையே கடந்து போனது.

இப்படிக் கடந்து போனதைச் சபையின் வரலாற்றிலும் பார்க்கலாம். லண்டன் மிஷனரி சங்கத்தின் வேலையைக் கோயம்புத்தூரில் 1830இல் டபிள்யூ. பி. ஆடிஸ் தொடங்கினார். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துக் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. சாதி குலவழக்குத்தான், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்று வாதிட்ட வேளாளக் கிறிஸ்தவர்களின் குரலாக வேதநாயக சாஸ்திரியார் நின்றார். அவருடைய கவித்துவத்தின் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை, ஆனால் இந்த வாதத்தை ஏற்க முடியாது. விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்ற உயர்ந்த உபதேசம் இங்கே பந்தியைக் காக்கும் வேலியாகிவிட்டது. விசுவாசம் உள்ளத்தில் இருக்கிறது, இலை தனியாக இருந்தால் என்ன என்ற கேள்வி அந்த வேலிக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் உபதேசியார்களை ஒரே பந்தியில் உண்ணச் சொல்லிச் சோதித்தது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் அதே திசையில் தீர்மானம் எடுத்தது. லைப்சிக் லூத்தரன்கள் அதற்கு இணங்கவில்லை. இந்தப் பந்திச் சோதனையில் அதிகாரத்தின் திமிர் இருந்ததை மறுக்க முடியாது, வெள்ளைக்கார மிஷனரியின் மேசையும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பக்கத்தில் உட்கார முடியாதவரோடு எந்த இரட்சிப்பில் பங்கு கொள்வது? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அதை மரியாதைக் குறைவு என்று விட்டுவிடவில்லை, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஒவ்வாதது என்று எல்லார் முன்பாகவும் கண்டித்தார். விசுவாசத்தால் நீதிமானாவதைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற வரிகள் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் இந்தப் பந்தித் தகராற்றிலிருந்துதான் பிறக்கின்றன. நம் ஊர்ப் பிரசங்கங்களில் அந்த வரிகள் உண்டு, பந்தி இல்லை.

கத்தோலிக்கர் பக்கம் இதே கேள்வி இன்னும் சிக்கலான உருவில் வந்தது. அவினாசி சாலையில் கோவைக்குக் கிழக்கே இருக்கும் கருமத்தம்பட்டி பழைய சேசு சபை மிஷன் ஊர். அங்கே 1846 அக்டோபர் 4ஆம் தேதி மெல்கியோர் தெ மாரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக் குரு ஆயராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு 32 வயது. பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர், 1842இல் இந்தியா வந்தவர். இந்த நாட்டு இளைஞர்களைக் குருக்களாக உருவாக்கி, அவர்கள் கையில் சபையை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டார் ஒதுங்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. இந்தியரைத் தாழ்வாக நடத்திய சக மிஷனரிகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை.

அவரை உடைத்தது வேறொன்று. 1704இல் போப்பின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையும், 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையும் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் எந்தெந்த உள்ளூர் வழக்கங்களை அனுமதிக்கக் கூடாது என்று விதித்தன. தாலியில் பிள்ளையார் உரு கூடாது. சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய்த் திருவருட்சாதனம் தர மறுக்கக் கூடாது. இப்படிப் பல. இவற்றைக் கைக்கொள்வதாக ஒவ்வொரு மிஷனரியும் சத்தியம் செய்ய வேண்டும். நடைமுறையோ வேறாக இருந்தது. ஒரு மிஷன் விட்டுக்கொடுத்ததை இன்னொன்று தடுத்தது. ஆணையின்படி நடப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு அதன்படி நடக்காமலிருப்பது பழகிப்போயிருந்தது.

பிரெசியாக்கைச் சாதி எதிர்ப்பு வீரராகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் நியாயமாகாது. இந்திய வழக்கங்கள் பலவற்றை அவர் பரிவோடுதான் பார்த்தார். எது அனுமதி, எது தடை என்று ரோம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே அவர் கேட்டது. தெளிவான பதில் வரவில்லை. கீழ்ப்படிகிறேன் என்று வாயால் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டு, கீழ்ப்படியாத ஒரு ஏற்பாட்டுக்குத் தலைவராக இருக்க அவருடைய மனசாட்சி இடம் தரவில்லை. கோவையின் முதல் அப்போஸ்தலிக்க விகாரியாக 1850இல் ஆனவர், சில ஆண்டுகளிலேயே விலகல் கடிதம் கொடுத்தார். போப் 9ஆம் பயஸ் 1855இல் அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கினார், ஜூன் 25ஆம் தேதி மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். கூடப் போனவர்களில் பெரும்பாலோரும் அந்தச் சில வாரங்களிலேயே இறந்துபோனார்கள். அவர் நொந்துகொண்ட அந்தச் சத்தியப் பிரமாணத்தை 1940இல் ரோம் நீக்கியது. 2020இல் போப் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

விலகியவரைக் கீழ்ப்படிந்தவர் என்று சொல்லலாமா? நான் சொல்வேன். “போறனுங்க” என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தவர்கள் நடுவே, சொன்னதற்கும் செய்வதற்கும் நடுவிலுள்ள பொய்யைச் சுமக்க மறுத்தவர் அவர். பதவியைக் கொடுத்து அந்த மறுப்பை வாங்கினார். ரோமோடு சண்டைக்கு நிற்கவும் இல்லை. அடுத்த அழைப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார். அதிகாரத்துக்குப் பணிவதும் கடவுளுக்குக் கீழ்ப்படிவதும் ஒன்றாகவே இருக்கும் என்ற நம்பிக்கையில் ஆயரானவர், அவை பிரியும் இடத்தைக் கொங்கு நாட்டில்தான் கண்டார்.

கீழ்ப்படிதலின் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் ஆயர்களும் அல்ல, மாநாடுகளில் கையெழுத்திட்டவர்களும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈரோட்டில் ஊழியம் செய்த ஆஸ்திரேலியர் ஆண்டனி வாட்சன் பிரப்பின் பெயரில் இன்றும் அங்கே ஆலயம் இருக்கிறது. அந்தச் சுற்று வட்டாரத்தில் சபைக்கு வந்தவர்களில் பெருந்தொகையினர் ஊர் மாதாரி என்று அழைத்த அருந்ததியர். தென்னிந்தியாவில் ஒடுக்கப்பட்டோர் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவரான காலத்து மிஷன் பதிவுகளில் சில காட்சிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டோம் என்கிறார்கள். வேலை போகிறது, அடி விழுகிறது, குடியிருக்கும் இடத்தை விட்டு விரட்டுகிறார்கள். இவர்கள் பண்ணாடிக்குக் கீழ்ப்படியாமல் போனதே கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிந்ததன் முதல் அடையாளம். மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் சொன்னதை, படிக்கத் தெரியாத பண்ணையாட்கள் களத்துமேட்டில் நின்று செய்துகாட்டினார்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் இன்றைக்கும் விலை கேட்கப்படுகிறது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய அருந்ததியர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். 2009இல் கிடைத்த 3 சதவீத உள் ஒதுக்கீடும் அவருக்கு இல்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவர் இந்து என்று சொல்லிச் சலுகை கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. கிரியையினாலே விசுவாசம் வெளிப்படும் என்று யாக்கோபு சொன்னதை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றியது. சாட்சியத்தின் தண்டனை மட்டும் ஒரு சாராருக்கு. என்னைப் போன்றவர்களின் ஞானஸ்நானம் எங்கள் சான்றிதழில் ஒன்றையும் மாற்றியதில்லை.

ஞானஸ்நானம் எடுக்காமல் ஜெபக்கூட்டத்துக்கு வந்துபோகிற இளைஞர்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். சான்றிதழ் போனால் தங்கச்சி படிப்பு போய்விடும் என்பது அவர்களுடைய கணக்கு. கோழைத்தனம், அரைகுறை விசுவாசம், கீழ்ப்படியாமை என்று மேடையிலிருந்து அவர்களைச் சாடும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். ஒன்றையும் இழக்காதவர் இழக்கப்போகிறவரிடம் கீழ்ப்படி என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு யூதருக்குப் பயந்து மறைவாகத்தான் சீஷனாக இருந்தான் என்று யோவான் எழுதுகிறார். சீஷன் என்ற பெயரை அவனிடமிருந்து அவர் எடுத்துவிடவில்லை. அந்த யோசேப்பு ஐசுவரியவான், ஆலோசனைச் சங்கத்தில் இடம் உள்ளவன். வேளை வந்தபோது பிலாத்திடம் போய்ச் சடலத்தைக் கேட்டு வாங்கினான், தனக்கென்று வெட்டி வைத்திருந்த கல்லறையைக் கொடுத்தான். இருக்கிறவனிடம் கேட்கப்படும் கீழ்ப்படிதல் அதுதான். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய சபைகள் அந்த மனிதனைப் பற்றிப் புனித வெள்ளி தோறும் வாசிக்கின்றன.

மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்று ஆராய ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது. சபைகள் அதற்காகக் காத்திருக்கலாம், வாதாடலாம், இரண்டும் வேண்டியவை. ஆனால் கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் கத்தோலிக்க மறைமாவட்டங்களுக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்கும் சொந்தமாகப் பள்ளிகள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன, மருத்துவமனைகள் இருக்கின்றன. சிறுபான்மை நிறுவனம் என்ற உரிமையில் அவற்றில் யாரைச் சேர்ப்பது, யாருக்குக் கட்டணத்தை விடுவது, யாரை வேலைக்கு எடுப்பது என்று சபையே முடிவு செய்யும் இடங்கள் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கிறிஸ்தவர் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்தக் காகிதம் இருக்கிறது. ஞானஸ்நானத்தால் அரசாங்கத்திடம் ஒரு பையன் இழக்கும் கல்லூரி இடத்தைச் சபை தன் கல்லூரியில் அவனுக்குக் கொடுக்கலாம், அடுத்த ஜூன் மாதமே கொடுக்கலாம். அதற்கு எந்த ஆணையத்தின் அறிக்கையும் தேவையில்லை.